ஒரு குழந்தைக்கு 40 சதுர அடி: சட்டம் வந்தபின் குழந்தைகள் இல்லங்கள்

பள்ளி திறக்கும் ஜூன் முதல் வாரத்தில், ஒரு கையில் டி.சி.யும் மறு கையில் பிள்ளையுமாக அம்மாக்கள் இல்லத்து வாசலில் வந்து நிற்பது தமிழ்நாட்டில் வெகுகாலம் நடந்த வழக்கம். கணவனை இழந்தவர்கள், செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்கள், பனியன் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறவர்கள். நிர்வாகி பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு, "போயிட்டு தீபாவளிக்கு வந்து கூட்டிட்டுப் போம்மா" என்பார். சேர்க்கை அவ்வளவுதான்.

இன்று அப்படிச் சேர்ப்பது சட்டமீறல். இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015-இன் 31ஆம் பிரிவுப்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் (பயண நேரம் சேராது) மாவட்டந்தோறும் அரசு அமைக்கும் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். குழு எழுத்தில் உத்தரவு போட்டால்தான் அந்தக் குழந்தை இல்லத்தில் தங்கலாம். நிர்வாகியின் நல்ல மனசோ அம்மாவின் கையெழுத்தோ அந்த உத்தரவுக்கு ஈடாகாது. பத்து ஆண்டுகளில் நடந்த மாற்றங்களிலேயே பெரியது இதுதான். இன்னமும் பலர் சரியாகப் புரிந்துகொள்ளாததும் இதுதான்.

சட்டம் சும்மா வரவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியும் வேளையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறைத் தீ கீற்றுக்கூரைக்குத் தாவியதில் 94 குழந்தைகள் போனார்கள். 2007-இல் தமிழ்நாட்டு ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2017 மே 5 அன்று வந்த தீர்ப்பு, நாட்டிலுள்ள எல்லா இல்லங்களையும் அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் பதிவு செய்து முடிக்கச் சொன்னது. 2006 திருத்தத்திலேயே பதிவு கட்டாயமாகியிருந்தும் பெரும்பாலோர் அதைக் கண்டுகொள்ளவில்லை. பல்லோடு வந்தது 2015 சட்டம்தான். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். விண்ணப்பிக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு 30 நாளும் தனிக் குற்றம். அரசு மானியம் வாங்குகிறோமா இல்லையா என்ற பேச்சுக்கே இடமில்லை.

பதிவு: எங்கே இடறுகிறது

இந்தச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு தந்த மாதிரி விதிகள் 2016-இல் பதிவு விண்ணப்பம் 27ஆம் எண் படிவம். அறக்கட்டளைப் பத்திரம், நிர்வாகிகள் பட்டியல், மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, பணியாளர் விவரம், காவல்துறைச் சரிபார்ப்பு எல்லாம் அதோடு போகும். இவை எப்படியும் சேர்ந்துவிடும். மாதக்கணக்கில் இழுப்பது கட்டடத்துக்கான சான்றுகள்: தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, பொதுக் கட்டட உரிமச் சட்டம் 1965-இன் கீழ் தாசில்தார் தரும் டி படிவ உரிமம். ஒன்று மற்றொன்றைக் கேட்கும். உறுதிச் சான்று இல்லாமல் டி படிவம் நகராது. கட்டட வரைபடம் அங்கீகாரம் பெறாததாக இருந்தால் எதுவுமே நகராது. பஞ்சாயத்து அனுமதியோடு கட்டி, பிறகு மேலே ஒரு மாடி எழுப்பிய கட்டடங்களில்தான் இந்தச் சிக்கல் அதிகம். ஆகவே முதலில் வரைபடத்தை நேர்செய்யுங்கள்; கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் எல்லாச் சான்றையும் இரண்டு தடவை வாங்க நேர்ந்திருக்கிறது, ஏனென்றால் தீயணைப்புச் சான்று போன்றவற்றின் காலம் அதற்குள் முடிந்துவிடும்.

விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்பக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நேரில் கொடுத்து, தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகை வாங்க வேண்டும். காரணம் 41ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் தற்காலிகப் பதிவு வராவிட்டால், விண்ணப்பம் பெற்றதற்கான அத்தாட்சியே அதிகபட்சம் ஆறு மாதத்துக்குத் தற்காலிகப் பதிவாகக் கொள்ளப்படும். அந்த ஒரு தாள் இல்லாத இல்லம், கோப்பு எந்த மேசையில் தூங்கினாலும், சட்டத்தின் கண்ணில் பதிவில்லாத இல்லம்தான். முழுப் பதிவு ஐந்து ஆண்டுக்கு. புதுப்பிக்கும் வேலையை முடிவுத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே தொடங்கிவிடுவது நல்லது. 2021 திருத்தம் 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபின் மாவட்ட ஆட்சியரின் பரிந்துரையும் வேண்டும். தேர்தல், வெள்ளம் என்று ஏதாவது வந்தால் கோப்பு அங்கே நிற்கும்.

பதிவு பெற்றதும் இன்னொரு கடமையும் கூடவே வந்துவிடுகிறது. நலக் குழு அனுப்பும் குழந்தையை, இடம் இருக்கும் வரை, ஏற்றே ஆக வேண்டும். "எங்க சபைப் பிள்ளைங்க மட்டும்தான்", "நல்லாப் படிக்கிற பிள்ளைங்க போதும்" என்று இனி சொல்ல முடியாது. பேருந்து நிலையத்தில் மீட்ட பையனும் போதைப் பழக்கம் உள்ள பையனும் வருவார்கள். அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும், ஆள் வைக்கப் பணம் வேண்டும். நல்ல மனதோடு நடந்த சிறு இல்லங்கள் திணறியது இங்கேதான்.

அளவு

மாதிரி விதிகளின்படி 50 குழந்தைகளுக்கு 25 பேர் தங்கும் படுக்கைக்கூடம் இரண்டு, ஒவ்வொன்றும் 1,000 சதுர அடி. ஆக ஒரு குழந்தைக்கு 40. சமையலறை 250, சாப்பாட்டுக்கூடம் 800, ஸ்டோர் 250, ஆலோசனை அறை 120. கழிப்பறை ஏழு பேருக்கு ஒன்று, குளியலறை பத்துப் பேருக்கு ஒன்று. 20-க்கு 25 அடிக் கூடத்தில் 12 பிள்ளைகள்தான் படுக்கலாம். பழைய வழக்கில் அதே கூடத்தில் பாய் விரித்து முப்பது பேர் படுத்தார்கள்.

அளக்க வருகிறவர்கள் சுவரின் உள்பக்கம் முதல் உள்பக்கம் வரை எடுப்பார்கள். பீரோ நிற்கும் இடம், மாடிப்படியின் அடி, வராந்தா எதுவும் படுக்கை இடமாகாது. விண்ணப்பத்தில் 50 என்று எழுதிவிட்டு 38-க்குத்தான் இடம் என்று ஆய்வில் தெரிந்தால் மொத்தக் கோப்பும் சந்தேகத்துக்கு ஆளாகும். நீங்களே அளந்து குறைவான எண்ணைக் கேளுங்கள். இந்த 40 சதுர அடிக்காகப் பல இல்லங்கள் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கின. அதில் நன்மை கண்கூடு: சொறி சிரங்கு குறைந்தது; ஒருவருக்கு அம்மை போட்டால் இல்லம் முழுக்கப் பரவுவது குறைந்தது; இரவில் யார் படுக்கை யாருடையது என்பது தெளிவாகி, பெரிய பையன்கள் சின்னவர்களிடம் நெருங்குவது உடனே கண்ணில் படுகிறது. வெளியே போன மற்ற பாதிப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

தீயணைப்புச் சான்று வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இரவு ஒன்பது மணிக்குக் கூடத்தின் கதவைப் போய்ப் பார்க்க வேண்டும். பெண் குழந்தைகள் இல்லங்களில் பாதுகாப்புக்காக வெளியே பூட்டுப் போட்டு, சாவியைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கும் வார்டன்கள் உண்டு. ஜன்னலில் பற்றவைத்த கம்பி. இரண்டும் சேர்ந்தால் ஏர்வாடிச் சங்கிலிதான். கதவு உள்தாழ்ப்பாளாக இருக்கட்டும், திறந்தால் மணி அடிக்கட்டும். ஒவ்வொரு கூடத்துக்கும் எதிரெதிரே இரண்டு வாசல் வேண்டும். ஒரு ஜன்னல் கம்பியாவது கீல் வைத்து உள்ளிருந்து திறக்கும்படி இருக்கட்டும். சிலிண்டர் வெளிச்சுவருக்கு அப்பால், காற்றோடும் கூண்டில். ஒத்திகையைப் பகலில் நடத்தினால் போதாது. இரவில் விளக்கை அணைத்து ஒரு முறை நடத்திப் பாருங்கள், ஐந்து வயதுப் பிள்ளையை யார் தூக்குவது என்று எவருக்கும் தெரியாதது அப்போதுதான் புரியும்.

ஆளும் பணமும்

கண்காணிப்பாளர், குழந்தை நல அலுவலர், ஆலோசகர், இல்லத் தாய்மார், சமையலர், உதவியாளர், பகுதிநேர மருத்துவர், ஆசிரியர், காவலர் என்று விதி கேட்கும் பட்டியல் நீளம். பத்துப் பேருக்குத் தலா 12,000 ரூபாய் என்று மிகக் குறைவாக வைத்தாலே மாதம் 1,20,000. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இல்லத்துக் குழந்தைக்குப் பராமரிப்புத் தொகை மாதம் 3,000 ரூபாய். அதுவும் அரசு நிதிக்குத் தேர்வான இல்லங்களுக்கு மட்டும். தனியார் இல்லங்களில் பெரும்பாலானவை பிறந்தநாள் அன்னதானத்தையும் வெளியூர் நண்பர்களின் காசையும் நம்பியே ஓடுகின்றன. விதி வந்தது, விதியை நிறைவேற்றும் காசு வரவில்லை. இதை அரசிடம் அழுத்திச் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் ஆலோசகர் பெயரில் போலி வருகைப்பதிவு போடுகிறார்கள், அது ஒரே கேள்வியில் உடையும். ஆய்வாளர் பிள்ளைகளிடம், "கவுன்சிலர் அக்கா பேர் என்ன?" என்று கேட்பார். காசு இல்லையென்றால் அருகிலுள்ள சமூகப்பணிக் கல்லூரியோடு எழுத்துப்பூர்வமாக ஏற்பாடு செய்து, வாரம் இரண்டு நாள் வருகிறவரை உள்ளபடி இரண்டு நாள் என்றே காட்டுங்கள்.

அரிசியும் பதிவேடும்

மாதிரி விதிகளின் உணவுப் பட்டியல் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 600 கிராம் தானியம், 120 கிராம் பருப்பு என்கிறது. 50 பேருக்கு 30 கிலோ தானியம், 6 கிலோ பருப்பு. எட்டு வயதுப் பிள்ளை 600 கிராம் சாப்பிடாது. உண்மையில் அடுப்பேறுவது 18 முதல் 20 கிலோ. ஆனால் ஆய்வுக்குப் பயந்து இருப்புப் பதிவேட்டில் தினமும் 30 செலவு எழுதுகிறார்கள். மாதக் கடைசியில் பதிவேட்டின்படி ஸ்டோர் காலி. ஸ்டோருக்குள் ஐம்பது கிலோ மூட்டை ஆறு நிற்கிறது. திருடாதவர் திருடர்போல நிற்க வேண்டியிருக்கிறது.

இதற்கு வழி எளிது. சமையலறையில் ஒரு தராசு வையுங்கள். ஒவ்வொரு வேளைக்கும் சாப்பிட்டவர்கள் எத்தனை, பத்து வயதுக்குக் கீழ் எத்தனை, அளந்து போட்டது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று நான்கு பத்தி. சிறிய பிள்ளைகளுக்கு அளவு குறைவதை மருத்துவரிடம் எழுதி வாங்கி, நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். நன்கொடையாக வந்த பிரியாணியும் அன்றைய பதிவில் வரவேண்டும். கொடுத்தவர் பெயர், சமைத்த இடம், வந்த நேரம். மண்டபத்தில் மீந்த சாப்பாட்டை வாங்கவே வாங்காதீர்கள். மதியம் சமைத்தது இரவு எட்டு மணிக்குப் பிள்ளைகள் தட்டுக்கு வந்து வயிற்றுப்போக்கானால், பதில் சொல்ல வேண்டியது இல்லம்தான்.

குழந்தையின் கோப்பு

தனிநபர் பராமரிப்புத் திட்டம் என்ற 7ஆம் எண் படிவம்தான் சட்டத்தின் உயிர் என்பேன். முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை முன்னேற்றம் எழுத வேண்டும். பெரும்பாலான கோப்புகளில் இருப்பது, "குழந்தை நலமாக உள்ளது. படிப்பில் ஆர்வம் காட்டுகிறது." ஐம்பது கோப்பிலும் அதே இரண்டு வரி, ஒரே பேனா, ஒரே நாளில் எழுதிய மை. ஆய்வுக்கு முந்தின இரவு எழுதியது என்று பார்த்தவுடன் தெரியும்.

பயனுள்ள பதிவு இப்படி இருக்கும்: "3ஆம் தேதி பாட்டி பத்து நிமிடம் போனில் பேசினார். அன்றிரவு சாப்பிடவில்லை, மறுநாள் சரியாகிவிட்டாள். பாட்டிக்குக் கண் ஆபரேஷன் இருப்பதால் மே விடுமுறைக்கு அங்கே அனுப்ப முடியாது. அத்தை வீட்டை விசாரிக்கும்படி நலக் குழுவுக்கு எழுத வேண்டும்." நான்கு வரிதான். ஆனால் குழு அடுத்த உத்தரவு போட இதை வைத்து முடிவெடுக்கலாம். இல்லத் தாய் எழுதத் தயங்கினால் அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதலாம். பிள்ளையைத் தெரிந்தவர் அவர்தான்.

பிள்ளைகள் குறைகளை எழுதிப் போடும் ஆலோசனைப் பெட்டியை எல்லாரும் அலுவலக வாசலில், கண்காணிப்பாளர் கண்முன் மாட்டியிருப்பார்கள். விதி அதற்கு நேர் எதிரானது: அலுவலகத்தை விட்டுத் தள்ளி, பிள்ளைகள் புழங்கும் இடத்தில் இருக்க வேண்டும், சாவி நிர்வாகக் குழுத் தலைவரிடம், அதாவது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம், வாரம் ஒருமுறை, இல்லத்துப் பிள்ளைகளே இருக்கும் குழந்தைகள் குழுவின் பிரதிநிதிகள் முன்னிலையில் திறக்க வேண்டும். அவருக்கு மாவட்டம் முழுக்க இல்லங்கள் இருப்பதால் வாராவாரம் வர முடியாது. அலகிலிருந்து ஒருவரை நியமிக்கும்படி எழுதிக் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலை வையுங்கள். சாவி உங்கள் மேசை டிராயரில் இருந்தால் அந்தப் பெட்டியில் ஒரு சீட்டும் விழாது. பெட்டி எப்போதும் காலியாகவே இருக்கும் இல்லத்தைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வரும். குழம்பில் உப்பு அதிகம், பாத்ரூம் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது என்று சீட்டு விழுகிற இடத்தில்தான், பெரிய விஷயமும் ஒருநாள் எழுதப்படும். அப்படி ஒரு சீட்டு வந்தால் உள்ளுக்குள் விசாரிக்க நேரமில்லை. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். கீழுள்ள பணியாளரின் குற்றத்தை மறைக்கும் நிர்வாகிக்கு ஓராண்டு வரை சிறை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளின் கண்ணுயரத்தில் எழுதிவைத்து, பேச ஒரு போனும் கைக்கெட்டும்படி வையுங்கள். போன் இல்லாத இடத்தில் சுவரில் எண் இருந்து என்ன பயன்?

ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வரவேண்டும். மூன்று பேருக்குக் குறையக் கூடாது, ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் மருத்துவராகவும் இருக்க வேண்டும். அவர்கள் எழுதும் குறைகளுக்குப் பதிலைத் தேதி போட்டு, படத்தோடு அனுப்புங்கள்.

வெளியே போன பிள்ளைகள்

கெடுபிடி கூடியதும் இல்லங்கள் மூன்று வழியில் போயின. சில தம்மைச் சீர்செய்துகொண்டன. சில "இல்லம்" என்ற பலகையைக் கழற்றி "விடுதி" என்று மாட்டி, 2014-இல் வந்த மகளிர், குழந்தைகள் விடுதிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் உரிமத்துக்கு மாறின. பெற்றோர் உள்ள, படிப்புக்காகத் தங்கும் பிள்ளைகளுக்கு அது முறையான வழிதான். ஆனால் யாருமற்ற குழந்தையை விடுதிப் பட்டியலில் மறைத்தால் நலக் குழு, பராமரிப்புத் திட்டம் எதுவும் அந்தக் குழந்தையை எட்டாது. மூன்றாவது வகை, மூடியவை.

2020 செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்களுக்கு எழுதி, இல்லங்களிலுள்ள குழந்தைகளைக் குடும்பத்தோடு சேர்க்கச் சொன்னது. 100 நாள் கெடு. குழந்தை குடும்பத்தில் வளர்வதே நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எந்த வறுமை பிள்ளையை இல்லத்துக்கு அனுப்பியதோ அந்த வறுமை கொரோனாக் காலத்தில் இன்னும் முற்றியிருந்தது. வீட்டு விசாரணை இல்லாமல் அனுப்பினால், சூளையிலும் மில்லிலும் பதினாலு வயதுப் பிள்ளையைப் பார்க்க நேரும். பெண் பிள்ளையென்றால் கல்யாணத் தேதி குறித்துவிடுவார்கள்.

அனுப்புவதற்கு முன் இல்லம் செய்யக்கூடியவை உண்டு. மிஷன் வாத்சல்யாவில், குடும்பத்தோடு வளரும் பிள்ளைக்கு ஆதரவுத் தொகை மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000-க்கும் மற்ற இடங்களில் 96,000-க்கும் மிகாமல் இருக்க வேண்டும். வருமானச் சான்று, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு, ஆதார், பள்ளிச் சான்று நான்கையும் பிள்ளை இல்லத்தில் இருக்கும்போதே தயார் செய்து, விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு அனுப்புங்கள். போனபின் அம்மா தாலுகா ஆபீசுக்கு நான்கு தடவை அலைந்தால் நான்கு நாள் கூலி போகும். மூன்றாம் தடவையோடு விட்டுவிடுவார். கல்வியாண்டின் நடுவில் அனுப்பாமல் இருக்க நலக் குழுவிடம் ஏப்ரல் வரை அவகாசம் கேட்கலாம். காரணத்தோடு எழுதினால் பல குழுக்கள் ஒப்புக்கொள்கின்றன.

பதிவு ரத்தாகி மூட நேர்ந்தால் அரசே அந்த இல்லத்தை நடத்த வேண்டும் என்று 41ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் வேன் வந்து பிள்ளைகளை வேறு இல்லங்களுக்குப் பிரித்துக்கொண்டு போகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி இல்லம், வயதுக்கு ஏற்ற பிரிவு என்பது விதி. அதனால் அக்கா ஓர் ஊரிலும் தம்பி இன்னோர் ஊரிலும் போய்ச் சேர்கிறார்கள். உடன்பிறந்தவர்கள் பட்டியலைத் தனியாகத் தயாரித்து, ஒரே மாவட்டத்தில் வைக்கவும் மாதம் ஒருமுறை சந்திக்கவைக்கவும் உத்தரவில் ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். உத்தரவில் இல்லாதது நடக்காது.

வேன் வருமுன் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பை: கோப்பின் நகல், தடுப்பூசி அட்டை, மருந்து என்றால் பதினைந்து நாளுக்கு உள்ளதும் சீட்டும், டி.சி., பாஸ்புக், சொந்தச் சாமான் பதிவேட்டில் உள்ள பொருட்கள். அதோடு ஒரு பழைய நோட்டு. அதன் முதல் பக்கத்தில் தம்பி போகும் இல்லத்தின் பெயர், ஊர், போன் நம்பர், பேசும் நாள், நேரம். பெரிய எழுத்தில், அக்காவே தன் கையால் எழுதிக்கொள்ளட்டும்.